சீட் தண்டு முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பதினொரு சைக்கிள்கள் நிற்கின்றன. அவற்றில் எட்டு, மலைச் சைக்கிள்கள். மலை எங்கே என்று கேட்காதீர்கள். தெஹிவளை மேம்பாலத்தைத் தாண்டி நாங்கள் எதிலும் ஏறுவதில்லை. பெரும்பாலானவை 2022இல் எரிபொருள் வரிசை வீதி முனை தாண்டிப் போன நாட்களில் அவசரமாக வாங்கப்பட்டவை. அகலமான டயர் பள்ளங்களைத் தாங்கும் என்ற ஒரே காரணம் போதுமாக இருந்தது.

எனக்கு இது தொழில் அல்ல. ஆனால் அறுகோணத் துளையுள்ள போல்ட்டுகளைத் திருகும் அலன் சாவிக் கட்டு ஒன்று கையில் இருப்பவனைத் தேடிக் கட்டடமே வரும். வருகிறவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் சீட்டைப் பற்றியது. வருவதற்கு முன் அவர்கள் செய்து பார்த்த வைத்தியமும் ஒன்றேதான்: "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தோம்." அந்த "இன்னும் கொஞ்சம்" புரி தேய்த்த போல்ட்டுகளை ஒரு பழைய பால்மா டின்னில் சேர்த்து வைத்திருக்கிறேன். சீட் தண்டில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை அழுக்கு, உப்பு, தவறான அளவு என்ற மூன்றில் ஒன்றால் வருபவை. மூன்றில் எதையும் பலம் தீர்க்காது.

பெயர்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். சீட்டைத் தாங்கி பிரேமுக்குள் இறங்கும் குழாய் சீட் தண்டு. பிரேமின் வாயில் அதைக் கவ்வும் வளையம் கழுத்துப் பட்டி. தண்டின் உச்சியில் சீட்டின் இரண்டு கம்பிகளைப் பிடிக்கும் பகுதி தலைப்பிடி. 4, 5, 6 மில்லிமீற்றர் அலன் சாவிகள், பழைய துணி, கிரீஸ், இன்சுலேஷன் டேப், அளவுகோல் இருந்தால் போதும். எந்த வேலைக்கு முன்பும் தண்டு பட்டியைத் தொடும் இடத்தில் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். கழற்றியதைப் பழைய உயரத்திலேயே மாட்ட அதுவே எளிய வழி. "கண் அளவில் வைத்தேன்" என்பவர்களின் முழங்கால்தான் பிறகு வந்து முறையிடும்.

ஓடும்போது சீட் மெல்ல மெல்ல இறங்குகிறது

காலையில் புறப்படும்போது சரியாக இருந்தது. பம்பலப்பிட்டி வருவதற்குள் முழங்கால் மார்புக்கு வந்துவிட்டது. இதுதான் அடிக்கடி கேட்கும் புகார்.

தண்டை முழுவதுமாக வெளியே எடுங்கள். அதன் கீழ்ப்பகுதியில் விட்டம் பொறித்திருக்கும். மலைச் சைக்கிள்களில் பரவலாக இருப்பவை 27.2, 30.9, 31.6 மில்லிமீற்றர், சில புதிய பிரேம்களில் 34.9. பழைய உருக்குப் பிரேம்களில் இடைப்பட்ட அளவுகள் பல உண்டு, அவை 0.2 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் போகும். இந்த 0.2 கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். பட்டியைத் தளர்த்திய நிலையில் தண்டைச் செருகிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சரியான தண்டு சற்றே தயங்கி வழுக்கி இறங்கும். ஆடினால் அது வேறு சைக்கிளின் தண்டு. பட்டியை இறுக்கும்போது போல்ட் நுழையும் அதன் இரண்டு காதுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றனவா என்றும் கவனியுங்கள். முட்டிய பிறகு நீங்கள் கொடுக்கும் பலம் முழுவதும் காதுகளுக்குத்தான் போகிறது, தண்டுக்கு ஒன்றும் போவதில்லை.

குளிர்பானத் தகர டின்னை வெட்டிச் சுற்றும் கைவைத்தியம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு சுற்றுச் சுற்றினால் இரு பக்கமும் சேர்ந்து விட்டம் 0.2 கூடும், அதாவது ஒரு படி வித்தியாசத்தை அது சரியாக நிரப்பும். அலுமினியத் தண்டும் உலோகப் பிரேமும் என்றால் ஒரு வாரம் சமாளிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். 27.2 தண்டை 30.9 அல்லது 31.6 பிரேமில் போட வேண்டுமானால் அதற்கென்றே செய்த இடைக்குழல் கிடைக்கிறது. டாம் வீதியில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தண்டைக் கையோடு கொண்டுபோங்கள். அளவை வாயால் சொல்லி வாங்கி வந்து திரும்ப நடந்தவர்களில் நானும் ஒருவன்.

அளவு சரியாக இருந்தும் இறங்குகிறதா? தண்டையும் பிரேமின் உட்பக்கத்தையும் துணியால் துடைத்துவிட்டு, கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் பூசுங்கள். பாண் துண்டில் பட்டர் தடவுவது போலத் தடவியிருந்தால் வழுக்கத்தான் செய்யும். பிரேமோ தண்டோ காபன் என்றால் கிரீஸ் கூடவே கூடாது. அதற்கு நுண்ணிய மணிகள் கலந்த காபன் பசை தனியாக உண்டு. அலுமினியத் தண்டு விடாமல் வழுக்கும் இடத்திலும் அதே பசையைப் பூசலாம். அது உராய்வைக் கூட்டுவதால் குறைந்த இறுக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

இறுக்கம் எவ்வளவு? பட்டியிலேயே எண் பொறித்திருக்கும். பெரும்பாலும் 5 முதல் 7 நியூட்டன் மீற்றருக்குள். இறுக்கத்தை அளந்து காட்டும் அளவுச் சாவி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: அலன் சாவியில் போல்ட்டிலிருந்து 10 சென்றிமீற்றர் தள்ளிப் பிடித்து, 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கும் பலத்தைக் கொடுத்தால் அது ஏறக்குறைய 5 நியூட்டன் மீற்றர். உள்ளங்கையால் குத்தி இறுக்குவது, சாவியில் குழாயைச் செருகி நீட்டுவது எல்லாம் என் பால்மா டின்னை நிரப்பும் வேலைகள்.

கைப்பிடி நெம்பு உள்ள பட்டி என்றால், நெம்பு சைக்கிளுக்குச் செங்குத்தாக நீட்டி நிற்கும் இடத்தில் எதிர்ப்புத் தொடங்க வேண்டும். முழுவதும் மூடும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். விரலால் மூடிவிட முடிந்தால் எதிர்ப்பக்க நட்டை அரைச் சுற்று இறுக்குங்கள்.

மிதிக்கும்போதெல்லாம் கிரீச், கிரீச்

முதலில் குற்றவாளி சீட்தான் என்று உறுதிப்படுத்துங்கள். சத்தம் ஒவ்வொரு மிதிக்கும் வருவதால் எல்லோரும் பெடலையும் அச்சையும் சந்தேகிக்கிறார்கள். அமர்ந்து மிதிக்கும்போது உடல் எடை ஒவ்வொரு மிதிக்கும் இடம் வலமாகச் சாய்கிறது. அதனால் சீட்டும் அதே தாளத்தில்தான் கத்தும். கடலோர வீதியில் வாகனம் குறைந்த காலை நேரத்தில் ஐம்பது மீற்றர் எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் சீட், தண்டு, பட்டி மூன்றில் ஒன்று. தொடர்ந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. பெடலைக் கழற்றிக் கிரீஸ் பூசுவதிலிருந்து தொடங்குங்கள்.

சீட்டுத்தான் என்றால் மேலிருந்து கீழாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிப் பூட்டினால் சத்தம் போகலாம், எது கத்தியது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த மாதம் மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவீர்கள்.

சீட்டின் கம்பிகள் அடித்தட்டுக்குள் நுழையும் மூன்று இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அடுத்தது தலைப்பிடி. கழற்றியதும் கம்பி பதிந்திருந்த பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் கட்டடத்துச் சைக்கிள்களில் அங்கே எப்போதும் அகப்படுவது மணல். சர்க்கரையைவிட நுண்ணியது, எண்ணெயோடு குழைந்து சாம்பல் நிறப் பசையாக இருக்கும். கடற்காற்று அதைக் கொண்டுவந்து வைக்கிறது, உங்கள் எடை அரைக்கிறது. பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, கம்பி படும் இடத்திலும் போல்ட்டின் புரியிலும் தலையின் அடியிலும் கிரீஸ் பூசி மாட்டுங்கள். போல்ட் தலையின் அடி என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த உலோகம் அங்கேயும் கத்தும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் பட்டியைக் கழற்றி அதன் உள்வட்டத்தைத் துடையுங்கள். பிரேம் அலுமினியமாக இருந்து, சத்தம் எங்கு துடைத்தும் போகாமல் இருந்தால், தண்டு நுழையும் வாய்க்குக் கீழேயும் மேல் குழாய் சேரும் வெல்டிங்கிலும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். தலைமுடி போன்ற கோடு, அதில் கறுப்பு அழுக்கு இறங்கியிருந்தால் அது விரிசல். அந்தச் சைக்கிளை அன்றே நிறுத்துங்கள்.

சீட்டின் மூக்கு மேலும் கீழும் சாய்கிறது

ஒற்றைப் போல்ட் தலைப்பிடியில் பற்கள் கொண்ட இரண்டு பாதிகள் ஒன்றின் மேல் ஒன்று அமரும். ஒரு பல் மேடு மற்றப் பல் மேட்டின்மேல் ஏறி நிற்கும்போது இறுக்கிவிட்டால் முதல் பள்ளத்தில் அது நழுவும். நழுவ நழுவப் பற்கள் மழுங்கும். தளர்த்தி, மூக்கை மேலும் கீழும் ஆட்டி, பல் பள்ளத்தில் விழுவதைக் கையில் உணர்ந்த பிறகு இறுக்குங்கள். மழுங்கிய பற்களுக்கு மருந்தில்லை, தலைப்பிடியை மாற்ற வேண்டும்.

முன்னும் பின்னுமாக இரண்டு போல்ட் உள்ள தண்டு வேறு மாதிரி. முன் போல்ட்டை இறுக்கினால் மூக்கு இறங்கும், பின் போல்ட்டை இறுக்கினால் ஏறும். ஆகவே ஒன்றைக் கால் சுற்றுத் தளர்த்தி மற்றதைக் கால் சுற்று இறுக்குவதுதான் முறை. சாதாரண உருக்குத் தண்டின்மேல் இருபுறமும் நட் கொண்ட தனிக் கவ்வி வைத்த சைக்கிள்களில் இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்குவதால்தான் அது கோணுகிறது.

தண்டு அசையவே மறுக்கிறது

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலிலிருந்து நானூறு மீற்றருக்குள் வாழும் நமக்கு இது விதிபோல வரும்.

சித்தப்பாவின் சைக்கிள். உருக்குப் பிரேம், அலுமினியத் தண்டு, மூன்று வருடமாகக் கடலைப் பார்த்த பல்கனியில் வாசம். அவர் உயரம் மாறாதவர் என்பதால் தண்டை ஒருபோதும் தொடவில்லை. மகள் வளர்ந்து சைக்கிளைக் கேட்ட அன்றுதான் தெரிந்தது, இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று. பட்டியைக் கழற்றியதும் விளிம்பைச் சுற்றி வெண்ணிறத் தூள், ஈரத்தில் கட்டிபட்ட உப்பைப் போல. அது அலுமினியம் ஒட்சைட்டு. உப்பு ஈரம் நடுவே இருக்க, உருக்கைத் தொட்ட அலுமினியம் மின்வேதி முறையில் அரிக்கப்படும். உண்டாகும் ஒட்சைட்டு தான் தின்ற உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஆப்பு அடித்தது போல உள்ளேயே இறுகும். அலுமினியத் தண்டு காபன் பிரேமுக்குள் இருந்தாலும் இதே கதைதான்.

வீதி முனையில் சைக்கிள் திருத்தும் பாஸ் ஒருவர் கேஸ் விளக்கால் சுடலாம் என்று சித்தப்பாவுக்குச் சொல்லியிருந்தார். நான் தடுத்தேன்.

"சூடாக்கினால் எல்லாமே தளரும்தானே, தம்பி?" என்றார் சித்தப்பா.

"வெளியே இருப்பது அலுமினியமாக இருந்தால் தளரும், சித்தப்பா. உள்ளே இருப்பதுதான் அலுமினியம். உருக்கு விரிவதைப்போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இன்னும் இறுகும்."

அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். சரியான திசை.

செய்த வரிசை இது. முதல் நாள் மாலை பட்டியைக் கழற்றி, தண்டின் விளிம்பிலும், பட்டி இறுக்கும்போது நெருங்குவதற்காகப் பிரேமின் வாயில் விட்டிருக்கும் வெட்டுப் பிளவிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டோம். மறுநாள் காலையும் மாலையும் அதையே செய்து, மரக்கட்டையை இடையில் வைத்துத் தண்டின் தலையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினோம். அதிர்வு எண்ணெயை உள்ளே இழுக்கும். மூன்றாம் நாள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல்கள் சுழலும் கீழ் அச்சுப் பகுதியைத் திறந்து, குழாய் வழியாக மறுபுறத்திலிருந்தும் எண்ணெய் விட்டோம். நான்காம் நாள் நொறுக்கிய ஐஸைத் துணியில் கட்டித் தண்டின் வெளிப்பகுதியில் கால் மணி நேரம் சுற்றி வைத்தோம். அது சுருங்குவது 0.02 மில்லிமீற்றர்கூட இராது. ஆனால் ஒட்சைட்டுப் படலத்தில் கீறல் விழ அது போதும், அந்தக் கீறலில் எண்ணெய் இறங்கும்.

ஐந்தாம் நாள் ஒரு பழைய சீட்டை மாட்டி, சித்தப்பா பிரேமைக் கால்களுக்கு இடையில் பிடிக்க, நான் சீட்டை இரு கையாலும் திருகினேன். இழுக்கவில்லை, திருகல்தான் முதலில், இழுப்பு பிறகு. காய்ந்த மரம் முறிவது போல ஒரு சத்தம். சித்தப்பா பிரேம்தான் போய்விட்டது என்று கையை விட்டுவிட்டார். தண்டு இரண்டு பாகை திரும்பியிருந்தது. அதன் பிறகு இடம் வலமாகத் திருகித் திருகி முக்கால் மணி நேரம். வெளியே வந்த தண்டில் நகத்தால் சுரண்டிய சுவர் போலக் குழிகள். உள்ளேயிருந்து தேநீர்க் கரண்டி அளவு வெண்தூள் கொட்டியது.

குழிபட்ட தண்டை மீண்டும் போடவில்லை. பிரேமின் உட்பக்கத்தை ஒரு கம்பில் சுற்றிய அரத்தாளால் சுத்தம் செய்து, துடைத்து, புதிய தண்டுக்குக் கிரீஸ் பூசி இறக்கினோம்.

ஐந்து நாளிலும் அசையாவிட்டால் சைக்கிள் கடையில் மேசையோடு பொருத்திய இறுக்குப்பிடியான வைஸ் இருக்கும். தண்டின் தலையை அதில் கவ்வி, பிரேமையே நெம்புகோலாகத் திருப்புவார்கள். பிரேம் வளையும் ஆபத்து உண்டு, மெல்லிய அலுமினியப் பிரேமுக்கு வேண்டாம். கடைசி வழி, தண்டை மேலே அறுத்துவிட்டு உள்ளே எஞ்சியதை வாள் தகட்டால் நீளவாக்கில் அறுப்பது. பொறுமை உள்ளவர்களின் வேலை. எரிசோடாக் கரைசல் அலுமினியத்தைக் கரைத்து உருக்கை விட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது தோலையும் கண்ணையும் எரிக்கும், கரையும்போது தீப்பற்றும் ஐதரசன் வாயு வரும், அலுமினியப் பிரேமானால் பிரேமும் சேர்ந்து போகும். மாடிக் குடியிருப்பில் அதைச் செய்யாதீர்கள்.

இந்த ஐந்து நாளையும் மிச்சப்படுத்த மாதத்துக்கு ஐந்து நிமிடம் போதும். தண்டை உருவி, துடைத்து, கிரீஸ் பூசி, டேப் அடையாளம் வரை இறக்கிவிடுங்கள்.

முழங்கால் வலிக்கிறது

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால், அல்லது பின்னால் வருபவர் உங்கள் இடுப்பு இடம் வலமாக ஆடுவதாகச் சொன்னால், உயரம் அதிகம். சுவரைப் பிடித்து அமர்ந்து, பெடலை அடியில் வைத்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் சரியாக நேராக நிற்க வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் தேவையான சிறு மடிப்பு தானாக வரும். மாற்றுவதை 5 மில்லிமீற்றர் வீதம் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள்.

கொழும்பில் பலர் சீட்டைத் தாழ்த்தி வைப்பதன் காரணம் காலி வீதிச் சமிக்ஞை விளக்குகள். சிவப்பு விழுந்தால் அமர்ந்தபடியே கால் ஊன்ற வேண்டும் என்கிறார்கள். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கப் பழகுங்கள், முழங்கால் தப்பும்.

உயர்த்தும்போது ஓர் எல்லை உண்டு. தண்டில் குறைந்தபட்சச் செருகல் கோடு பொறித்திருக்கும், அது வெளியே தெரியக் கூடாது. கோடு அழிந்த தண்டானால் குறைந்தது 10 சென்றிமீற்றர் உள்ளே இருக்கட்டும். அதோடு தண்டின் கீழ் நுனி, மேல் குழாய் சேரும் இடத்தைத் தாண்டிக் கீழே இருக்க வேண்டும். இல்லையேல் உங்கள் எடை முழுவதும் நெம்புகோலாகி அந்த வெல்டிங்கைப் பிளக்கும். போதாவிட்டால் நீளமான தண்டு வாங்குங்கள்.

பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் தண்டு தகராறு செய்கிறது

டிராப்பர் தண்டு வைத்திருப்பவர்கள் நம்மிடையே குறைவு. வைத்திருப்பவர்களுக்குக் கவலை அதிகம். மெதுவாக ஏறினால் முதலில் கழுத்துப் பட்டியைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். அதிகமாக இறுக்கிய பட்டி வெளிக்குழாயை நெரித்து உள்ளே இருப்பதைத் தடுக்கும்; மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஏறவே மறுத்தால் கேபிளைப் பாருங்கள். இந்த ஊரில் அது உறைக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அமர்ந்தால் தானாக இறங்கினால் கேபிள் அதிக இழுவையில் இருந்து வால்வைச் சற்றே திறந்து வைத்திருக்கலாம், சரிசெய்யும் உருளையால் தளர்த்துங்கள். முழு உயரத்தில் பஞ்சுபோல ஓரிரு சென்றிமீற்றர் அமிழ்ந்து எழும்பினால் எண்ணெயும் வாயுவும் கலந்துவிட்டன. அதைப் பணிமனைதான் பார்க்க வேண்டும். உள்ளே அழுத்தம் அடைத்த குப்பி இருக்கிறது, வீட்டில் திறக்காதீர்கள். சீட் இறங்கிய நிலையில் சைக்கிளைச் சீட்டைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது. அந்த இழுவைதான் பல தண்டுகளில் வாயுவை எண்ணெய்க்குள் இழுத்துவிடுகிறது. மாடிப்படியில் தூக்குபவர்கள் பிரேமைப் பிடியுங்கள்.

மழைக்குப் பிறகு உள்ளே தண்ணீர் குலுங்குகிறது

மே முதல் செப்டெம்பர் வரையிலும் மறுபடி ஒக்டோபர், நவம்பரிலும் இது நடக்கும். பின் டயர் எற்றும் நீர், பிரேமின் பின்பக்கம் பார்த்த வெட்டுப் பிளவு வழியாக நேராக உள்ளே போகிறது. தண்டை உருவி, சைக்கிளைக் கவிழ்த்து, ஓர் இரவு அப்படியே விடுங்கள். மாட்டும்போது பட்டியின் பிளவு பிரேமின் பிளவுக்கு நேராக வராமல் திருப்பி வையுங்கள். பழைய டியூப்பிலிருந்து மூன்று விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, தண்டை இறக்குவதற்கு முன் அதில் கோத்து, பட்டியையும் பிளவையும் மூடும்படி கீழே இழுத்துவிடுங்கள். பஞ்சர் ஒட்டும் கடையில் கேட்டால் கிழிந்த டியூப்பைச் சும்மாவே தருவார்கள். ரப்பர் வெயிலில் வெடித்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.